ஹிஜாப் துணியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

ஹிஜாப் வாங்கும்போது பலரும் நிறத்தையே முதலில் பார்க்கிறார்கள். நாள் முழுவதும் தலையில் இருக்கப்போவது துணி என்பதால், அது எந்த இழையில் ஆனது என்பதை முதலில் லேபிளில் பார்ப்பது நல்லது. இன்று கிடைக்கும் ஷிஃபானும் ஜார்ஜெட்டும் பெரும்பாலும் பாலியெஸ்டரில் நெய்யப்படுபவை. அவை அழகாகத் தழைந்து விழும், எளிதில் கசங்காது என்றாலும், வியர்வையை அதிகம் உறிஞ்சாது, உள்ளே பருத்தித் தொப்பி அணியாவிட்டால் வழுக்கிக்கொண்டும் இருக்கும். வெயில் காலத்துக்கு மெல்லிய பருத்தியும், மரக்கூழிலிருந்து செய்யப்படும் இழைகளான மோடால், விஸ்கோஸ் ஆகியவையும் ஏற்றவை. விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது. புதிதாக அணியத் தொடங்குபவர்களுக்கு நான் ஜெர்சியையே பரிந்துரைப்பேன். அது இழுபடும் பின்னல் துணியாதலால் ஊசி அதிகம் குத்தாமலேயே நிற்கும்.

கடையில் துணியின் ஒற்றை அடுக்குக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; விரல் இடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால், அதை இரண்டு அடுக்காகச் சுற்ற வேண்டியிருக்கும், அதற்குப் போதிய நீளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிச் சில நொடிகள் கழித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால், தினமும் இஸ்திரி போட நேரமிருப்பவர்கள் மட்டும் அதை வாங்கலாம். ஷிஃபானில் சாதாரண ஊசி நூலை இழுத்துவிடும்; துணியைத் துளைக்காமல் இரு பக்கமும் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் காந்தப் பின் பாதுகாப்பானது.