ஃபின் அணிந்து ஒரே மூச்சில் நீந்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலில் துடுப்புபோன்ற ஃபின் அணிந்து ஒரே மூச்சில் நீருக்கடியில் கிடைமட்டமாக எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதை அளக்கும் டைனமிக் போட்டிக்குப் புதிதாக வந்த சிலரை அண்மையில் குளக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்தார்கள். ஃபின் அளவு பொருந்தாமை, கண்ணாடிக்குள் நீர் புகுவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொடக்க வேகம்

முதல் 25 மீட்டரில் உடல் புத்துணர்வோடு இருப்பதால் கால் தானாக வேகமெடுக்கும். ஆனால் வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பு அதைவிடப் பன்மடங்கு கூடும். தொடைத் தசைகள் தின்னும் ஆக்சிஜன் பின்பாதியில் திரும்பக் கிடைக்காது. 2016இல் இதே போட்டியில் மாதெயுஸ் மாலினா, யோர்கோஸ் பனாயியோடாகிஸ் என்ற இரு வீரர்களும் எட்டிய 300 மீட்டர், கால் வலுவால் மட்டும் வந்ததன்று. ஓர் அடி அடித்தபின் உடலை அம்புபோல் நீட்டி, அந்த உந்துதல் தீரும்வரை நழுவிச் செல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

மேலே வந்தபின் வரும் 15 விநாடிகள்

நீருக்குள் தூரத்தை நீந்தி முடித்தால் மட்டும் அது போட்டியில் கணக்கில் ஏறிவிடாது. மூச்சடக்கி நீந்தும் போட்டிகளுக்கான பன்னாட்டு அமைப்பான அய்டாவின் விதிகளின்படி, தலை வெளியே வந்த 15 விநாடிகளுக்குள் முகத்திலுள்ள கருவிகளைக் கழற்றி, நடுவருக்குக் கையால் ஓகே சைகை காட்டி, "ஐ ஆம் ஓகே" என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் செய்ய வேண்டும். இடையில் வாயோ மூக்கோ மீண்டும் நீரில் அமிழக் கூடாது. மூளைக்கு ஆக்சிஜன் போதாதபோது முதலில் குலைவது இத்தகைய எளிய வரிசைதான் என்பதால், வீரர் தெளிவோடு இருக்கிறாரா என்பதை நடுவர் இதைக்கொண்டே அறிகிறார்.

நான் முதன்முதலில் போட்டியில் 100 மீட்டர் நீந்தியபோது மயக்கமோ நடுக்கமோ சிறிதும் இல்லை. ஆனால் மகிழ்ச்சியில் சைகையைக் காட்டி, சொல்ல வேண்டியதையும் சொல்லி முடித்த பிறகுதான் மூக்குக் கிளிப் இன்னும் மூக்கிலேயே இருப்பதை உணர்ந்தேன். நனைந்த விரல்கள் வழுக்க வழுக்க அதைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் வரிசை தவறிவிட்டது. சிவப்பு அட்டை; நீந்தியது செல்லாமல் போனது. பல மாதப் பயிற்சி ஒரு கிளிப்பால் போனது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அண்மையில் ஒருவர் அதே பிழையைச் செய்தபோது, கரையில் நின்ற எனக்குக் கை துடித்தது.

இதைவிடக் கேடான பழக்கம், மேலே வந்ததும் நுரையீரல் முழுவதையும் காலிசெய்வதுபோல் மூச்சை வெளியே ஊதுவது. உள்ளிழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் மூளையை அடையச் சில விநாடிகள் ஆகும்; அந்த இடைவெளியில் மீதமிருக்கும் ஆக்சிஜனையும் ஊதித் தள்ளினால், மேலே வந்தபின்னும் மயக்கம் வரலாம். சிறிதளவே காற்றை வெளிவிட்டு, விரைவாக ஆழ உள்ளிழுத்து, ஒரு கணம் நிறுத்தி, இதை மீண்டும் சில முறை செய்யுங்கள். இரு கைகளையும் கரைவிளிம்பின்மேல் ஊன்றி முகத்தை நீருக்கு மேலேயே வைத்திருங்கள். வெறும் 25 மீட்டர் நீந்திய நாளிலும் மூச்சு, கிளிப், சைகை, சொல் என்ற வரிசையை ஒரு முறைகூட விடாமல் செய்து முடியுங்கள்.

தொடங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தல்

இது இரத்தத்தில் ஆக்சிஜனைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை. கரியமில வாயுவை மட்டுமே குறைக்கிறது. மூச்சு விடத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயு என்பதால், எச்சரிக்கை எதுவும் வருமுன்பே நினைவு தப்பிவிடும். எளிதாக இருப்பதாகத் தோன்றும் அந்த நீச்சல்தான் ஆபத்தானது.

தனியாகப் பயிற்சி செய்தல்

ஒருபோதும் கூடாது.

கழுத்து எடை

நீருக்குள் ஒரே ஆழத்தில் நிற்கக் கழுத்தில் அணியும் எடை இது. எடை குறைந்தால் உடல் மேலே மிதக்கும். கூடினால் தலை தாழும். இரண்டையும் கால்தான் சரிக்கட்ட வேண்டியிருக்கும். நீச்சலின் நடுப்பகுதியில் காலை அசைக்காமல் நழுவும்போது உடல் மேலும் கீழும் போகாமல் அதே ஆழத்தில் நிற்கும்வரை எடையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள்.