முன் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டை

டிஸ்க் பிரேக் பைக்கில் முன் சக்கரத்தைக் கழற்றியதும், இரண்டு பிரேக் பேடுகளுக்கும் நடுவே டிஸ்க்கின் கனத்துக்கு மடித்த அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் படாத சுத்தமான அட்டையாக இருக்கட்டும். பேடில் பிசுக்கு ஏறினால் பிரேக் பிடிக்காது.

டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது தெரியாமல் பிரேக் லீவரை அழுத்தினால், காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பேடுகளைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து, பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. திரும்பத் திரும்ப அழுத்தினால் பிஸ்டனே கழன்று பிரேக் ஆயில் கொட்டிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அட்டை இருந்தால் பேடுகள் அதில் முட்டி நின்றுவிடும்.

சக்கரத்தை மாட்டியபின், லீவர் கெட்டியாகும்வரை நாலைந்து முறை அழுத்திப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டிரம் பிரேக் வண்டிக்கு இது தேவையில்லை.