கோபத்தை விழுங்காமல் வேலை பார்ப்பது எப்படி?

"ஆபீஸில் உணர்ச்சியே காட்டாதே" என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் டீம் லீடராக இருக்கிறேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்தவர் கோபத்தைக் கேட்பதுதான் பிழைப்பு. எதுவுமே தன்னைத் தொடாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்பவர்கள்தான் எங்கள் டீமில் முதலில் சோர்ந்துபோகிறார்கள். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. அருவருப்பான படத்தைக் காட்டி, முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்றார்கள். முகம் அடங்கியது, அருவருப்பு குறையவில்லை, தோலில் வியர்வை கூடியது.

ஆகவே விழுங்காதீர்கள், தள்ளிப்போடுங்கள். இரண்டும் வேறு.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். எனக்குக் காது மடல் சூடாகும், கீபோர்டைத் தட்டும் சத்தம் கூடும். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் வாய் திறக்கும் முன்னால் ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடியில், வந்திருப்பது என்ன என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். "கோபம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்த வேண்டாம். பாதி நேரம் அது அவமானம், இல்லாவிட்டால் பயம். சில நாள் வெறும் பசி!

சரி, எல்லோர் முன்னாலும் மேலாளர், "இது உங்கள் டீம் செய்த குளறுபடி" என்கிறார். நீங்கள் அப்படி நினைக்கவில்லை. சிரித்துக்கொண்டே "ஸாரி சார்" என்றால் பொய். பொங்கினால் விஷயம் போய், நீங்கள் பொங்கியதுதான் பேச்சாகும். நான் சொல்வது இதுதான்: "இதில் எனக்கு உடன்பாடில்லை சார். இப்போதே பேசினால் சூடாகத்தான் பேசுவேன். புகார்ப் பதிவில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வருகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை, கத்தலும் இல்லை. ஆனால் மூன்று மணிக்குப் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் அதுவும் விழுங்கியதுதான்.

மெயிலுக்கும் இதே கதை. பெறுநர் கட்டத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். "நீங்கள் எப்போதும் கடைசி நேரத்தில்தான் ஃபைல் அனுப்புகிறீர்கள், எங்கள் நேரத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று வந்துவிட்டதா? வரட்டும். அப்புறம் "எப்போதும்", "ஒருமுறைகூட" போன்றவற்றையும் கேள்விக்குறியோடு வரும் குத்தல்களையும் நீக்குங்கள். மிஞ்சுவது: "ஃபைல் ஐந்து மணிக்கு வந்தது, ஆறு மணிக்குள் முடிக்கவேண்டியிருந்தது. இது எங்களுக்குச் சிரமமாக இருக்கிறது. நாளை முதல் மதியத்துக்குள் வேண்டும்." சிரமம் என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். உங்கள் உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் "உதவுவதில் மகிழ்ச்சி" என்று ஒப்பிப்பதை என் டீமில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கத்திக்கொண்டிருப்பவருக்கு அது எண்ணெய் வார்ப்பது மாதிரி. "பணம் வராமல் இவ்வளவு நாள் காத்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்" என்பது உண்மை, அதைச் சொல்லலாம்.

அழுகை வந்தால் எழுந்து போய்விடுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள், திரும்பி வந்து வேலையைத் தொடருங்கள். யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

"நான் மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன்" என்று பெருமைப்படும் ஆட்களும் உண்டு. பெரும்பாலும் மற்றவர் மனசு புண்பட்டது அவர்களுக்குத் தெரியாது. உண்மையாக இருக்க, தோன்றிய அத்தனையையும் கொட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சம்பளக் குறையை மேலாளரிடம் சொல்லலாம். அவருடைய சட்டையைப் பற்றிய அபிப்பிராயம் உங்களோடு இருக்கட்டும்.

ஒருவர் தினமும் உங்களை இழிவாகப் பேசுகிறார் என்றால் மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தில்லை. தேதி, அவர் சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றன்றே குறித்து வைத்து, எழுத்துப்பூர்வமாக எச்ஆரிடம் கொடுங்கள்.