கரையிலிருந்து எத்தனை மைல்? மீன்பிடி மண்டலங்களைக் கடல் வரைபடத்தில் பிரிப்பது எப்படி

தூண்டில், படகு, உரிமம் எல்லாம் தயார் என்றே வைத்துக்கொள்கிறேன். போகிற இடம் எந்த மண்டலம் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

கரையோரம், அண்மைக்கடல், ஆழ்கடல் என்பதெல்லாம் பேச்சுவழக்கு, எல்லை ஆளுக்கு ஆள் மாறும். சட்டம் எண்ணில் பேசும். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஒரு நாட்டுக்கு 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல், 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலான வளங்களுக்கு அந்த நாட்டுக்கே உரிமை உள்ள கடல். பல நாடுகள் அந்த 12-க்குள்ளேயே மீன்பிடிக்கென்று வேறு கோடுகளும் போட்டிருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் எடுங்கள். செயற்கைக்கோள் படம் வேண்டவே வேண்டாம், வெறும் நீலம்தான் தெரியும். ஆழக்கோடு போட்ட கடல் வரைபடம்தான் வேண்டும். செயலியும் பரவாயில்லை, ஆனால் முதல் தடவை காகிதத்தில் கவராயம் வைத்து அளந்து பார்ப்பதே என் கட்சி.

அளக்கும் இடத்தில்தான் நிதானம் தேவை. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., அதாவது 12 மைல் என்றால் 22 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கவராயத்தை வரைபடத்தின் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில், உங்கள் இடத்துக்கு நேராக வையுங்கள், அங்கே ஒரு நிமிடம் (நேரமல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல். மேல், கீழ் ஓரத்துத் தீர்க்கரேகை அளவில் வைக்கவே கூடாது, ஏனென்றால் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக அது சுருங்கிக்கொண்டே போய் 60 டிகிரியில் ஒரு நிமிடம் அரை மைல்தான் வரும்.

எங்கிருந்து அளப்பது? துறைமுகச் சுவரிலிருந்து அல்ல. பொதுவாக, வற்றுநீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடல் வற்றும்போது நீர் நிற்கும் இடத்திலிருந்து. இப்படி அளவு தொடங்கும் கோடுதான் அடிக்கோடு. கரை ரொம்ப வளைந்து நெளிந்திருந்தாலோ விரிகுடா குறுக்கிட்டாலோ அந்த அடிக்கோட்டை நேர்கோடாக இழுத்து வைத்திருப்பார்கள், அதற்கு உள்ளே இருப்பது உள்நாட்டு நீர்.

அப்புறம் ஆழம். கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கடலடித் தரை, சில இடங்களில் நூறு மைலுக்கு மேல் நீளும், சில இடங்களில் சில மைலிலேயே முடிந்துவிடும், ஆகவே ஒரே பத்து மைல் ஓரிடத்தில் முப்பது மீட்டர் ஆழம், இன்னோரிடத்தில் நூற்றுக்கணக்கில். கொடுவாய்க்குக் கழிமுகம், பெரிய சூரைக்குத் திட்டின் விளிம்பு. மைல் சட்டத்துக்கு, ஆழம் மீனுக்கு.

பின்சேர்க்கை: நடுவில் தீவு இருந்தால் என்ன என்று பலர் கேட்டீர்கள். தீவுக்கும் அதன் அடிக்கோட்டிலிருந்து தனியாக 12 மைல் உண்டு, ஆகவே பெருங்கரையிலிருந்து மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். இன்னொன்று, செயலியில் படகைச் சுற்றித் தெரியும் வளையம் தூரம் காட்டத்தான், அது மண்டல எல்லை அல்ல. எல்லைக்கோட்டை நீங்களே உள்ளிட்டு, ஒரு மைல் முன்பாகவே ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள், என்ஜினை நிறுத்தி மிதக்கும்போது நீரோட்டம் சத்தமில்லாமல் இழுத்துப் போய்விடும்.