கேள்வித்தாளும் கையுமாக ஊருக்குள் போகிறவர்களுக்கு

போன மாதம் இரண்டு முதுகலை மாணவிகளோடு திருவாரூர் பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். சிறுவர், வளரிளம் பருவத்தினர், நடுவயதினர், முதியோர் என்று நான்கு வயதுக் குழுக்கள். யாரோடு பேசுகிறார்கள், எவ்வளவு படித்திருக்கிறார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒப்பிடுவதுதான் அவர்கள் ஆய்வு. முதல் வீட்டுத் திண்ணையிலேயே, பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்தை வரி பிசகாமல் அடித்தார்கள். குறுக்கே விழுந்து தடுக்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கேள்வி கேட்பதில் நடக்கும் தப்புகளைப் பற்றித் திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கேட்ட ஆட்கள் போதவில்லை, வயதை எழுத மறந்துவிட்டோம், பக்கம் தாண்டிப்போச்சு என்பதெல்லாம் இதில் வராது. அதற்கு உங்கள் வழிகாட்டியே திட்டுவார்.

நிலைப்படியில் நிற்பவர்

மாமியாரிடம் "வீட்டில் உங்களை மதிக்கிறார்களா?" என்று கேட்கிறீர்கள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். "அதெல்லாம் தங்கமா பாத்துக்கறாங்க" என்று பதில் வருகிறது. நீங்களும் எழுதிக்கொள்கிறீர்கள்.

இருவராகப் போங்கள். ஒருவர் பாட்டியோடு உட்காரட்டும். இன்னொருவர் குடும்ப விவரப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, "ரேஷன் கார்டு கொஞ்சம் பார்க்கலாமாக்கா?" என்று மருமகளோடு உள்ளே போகட்டும். எத்தனை பேர், யார் எந்த வகுப்பு என்று நிதானமாகக் கேட்டால் இருபது நிமிடம் கிடைக்கும்.

ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

ஒருவர் எவ்வளவு தனிமையாக உணர்கிறார் என்று அளக்கும் யூ.சி.எல்.ஏ. தனிமை அளவுகோலை உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1978-இல் லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி மாணவர்களை வைத்து உருவாக்கினார்கள். இருபது வாக்கியங்கள், எல்லாம் ஒரே திசையில், தனிமையின் பக்கமே பேசுபவை. எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள் என்பதால் 1980-இல் பாதி வாக்கியங்களைத் திருப்பிப் போட்டார்கள். 1996-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லாம் எளிய கேள்விகளாக மாறின. லாஸ் ஏஞ்சலஸுக்கு அது நல்ல கருவி. என் ஆய்வுக்கு நான் அதைத்தான் எடுத்தேன்.

அதன் முதல் கேள்வி, சுற்றியிருப்பவர்களோடு மனசு ஒத்துப்போவதைப் பற்றியது. ஆங்கிலத்தில் சுருதி சேர்வது போல ஒரு சொல்லாட்சி. அதை நான் இப்படித் தமிழாக்கியிருந்தேன்: "உங்களைச் சுற்றியுள்ளவர்களுடன் ஒரே அலைவரிசையில் இருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்?"

எழுபது தாண்டிய ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரேடியோவா தம்பி? அது ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு" என்றார்.

சிரித்தேன். சிரித்துவிட்டு 'சில சமயம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான ஆய்வுக் காரியம் அந்த ஒரு டிக்தான்.

அடுத்து 'தனிமை'. புத்தகத் தமிழில் அது மனசில் இருக்கும் வலி. ஊர்த் தமிழில் பக்கத்தில் ஆள் இல்லாதது, அவ்வளவுதான். "தனிமையாக உணர்கிறீர்களா?" என்று கேட்டால் "எட்டு பேர் பொழங்கற வீட்டுல தனியா எப்படி இருக்கறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட ஒரு தாத்தா, நான் செருப்பு மாட்டும்போது, "ஏன்னு கேக்க நாதியில்ல தம்பி. ஏதோ கிடக்கேன்" என்றார். 'இருக்கேன்' இல்லை, 'கிடக்கேன்'. அளக்க வந்த விஷயம் முழுக்க அந்த ஒரு வினைச்சொல்லில் இருந்தது. தாளில் அவருக்கு 'ஒருபோதும் இல்லை' என்று எழுதியிருந்தேன்.

மூன்றாவதுதான் உண்மையான குழி. "மனம் விட்டுப் பேச யாரும் இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்?" என்பது போன்ற கேள்விகள். "சாப்பிடலையா?" என்று கேட்டால் நம் ஊரில் "ஆமா, சாப்பிடல" என்பவரும் உண்டு, "இல்ல, சாப்பிடல" என்பவரும் உண்டு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பள்ளிக்கூடப் பக்கம் போகாத ஒருவரிடம் 'யாரும் இல்லை' என்று முடியும் கேள்வியைக் கேட்டால், அவர் பெருமூச்சு விட்டு "இல்ல" என்பார். யாருமே இல்லை என்று சொல்கிறார். நீங்கள் 'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் டிக் போடுவீர்கள். ஊரிலேயே ரொம்ப ஒண்டியான மனிதர், உங்கள் கணக்கில் ரொம்பச் சந்தோஷமானவர்.

முந்நூற்றுச் சொச்சம் தாள், எட்டு மாத அலைச்சல். கணினியில் ஏற்றிப் பார்த்தால் கிரான்பாக் ஆல்பா, வழக்கமாக எதிர்பார்க்கும் 0.7 பக்கமே வரவில்லை. கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று அர்த்தம். மூத்தவர் ஒருவர் வழி சொன்னார்: "திருப்பிப் போட்ட கேள்விகளை எடுத்துடு, ஆல்பா ஏறிடும்." எடுத்தேன், ஏறியது. எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் ஆல்பா ஏறும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் முதியோர் பகுதி முழுவதையும் தூக்கிப் போட்டோம்.

மறுபெயர்ப்பு, அதாவது தமிழாக்கத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது, அதைச் செய்தால் இது மாட்டியிருக்காதா என்பீர்கள். அதையும் செய்தோம். தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் நன்றாகப் படித்தவர். 'அலைவரிசை' என்றதும் மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சரியாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மொழியும் தெரிந்தவருக்குப் புரிந்ததை வைத்து, ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கும் புரியும் என்று முடிவு கட்டினோம்.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு வயதுக் குழுவிலும் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டுவேன். பதில் கேட்க மாட்டேன். "நான் என்ன கேட்டேன்னு உங்க வாய்ல சொல்லுங்க" என்பேன். ரேடியோ வந்தால் அந்தக் கேள்வி போய்விடும். அவர்கள் வாயில் வரும் சொல்லே கேள்வியாகும். முதியவர்களிடம் "ஏன்னு கேட்க ஆளில்லையேன்னு தோணுமா?" என்பது நன்றாக வேலை செய்கிறது. பதினைந்து வயதுப் பையனிடம் அதே கேள்வி செல்லாது. அவனுக்கு "யாரும் கண்டுக்கறதில்ல", "குரூப்ல சேத்துக்கல".

பதிலையும் 'அரிதாக', 'சில சமயம்', 'அடிக்கடி' என்று வாங்காதீர்கள். எனக்கே அரிதாகவுக்கும் சில சமயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நாள் கணக்கில் கேளுங்கள். 1977-இல் வந்த சி.இ.எஸ்.-டி. என்ற மனச்சோர்வு அளவுகோலில் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் என்றுதான் பதில்கள் இருக்கும். கிராமத்தில் 'கடந்த ஏழு நாட்களில்' என்றால் விழிப்பார்கள். "போன சந்தைக்கு அப்புறம் எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?" என்றால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள்.

வயதுக்கொரு சொல் என்றால் எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்வி. எல்லா வயதிலும் ஒரே பொருள் தரும் நாலைந்து கேள்விகளைப் பொதுவாக வையுங்கள். ஒப்பீடு அவற்றில் மட்டும். மற்றவை அந்தந்தக் குழுவுக்குள் பேசட்டும். பொதுவாக ஒன்றுமே தேறவில்லையா, ஒப்பிடாதீர்கள். ஒப்பீடு இல்லாத ஆய்வறிக்கையும் ஆய்வறிக்கைதான்.

பிள்ளைகளிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது

உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறோம். ஆனால் பள்ளியில் டீச்சர் எப்போது இரண்டாம் முறை கேட்பார்? முதல் பதில் தப்பாக இருந்தால். பிள்ளை உடனே பதிலை மாற்றிவிடும். குழந்தை உளவியலாளர் பியாஜேயின் அளவு மாறாமைச் சோதனையிலேயே (வரிசையைப் பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று, பரப்புவதற்கு முன்னும் பின்னும் கேட்பது) இதைப் பார்த்திருக்கிறார்கள். 1974-இல் அதே சோதனையில் கேள்வியை ஒருமுறை மட்டும் கேட்டபோது குழந்தைகளின் தவறுகள் குறைந்தன. குழந்தைக்குத் தெரியாதது கணக்கு இல்லை, நம் கேள்வி கேட்கும் விதம்தான் அதைக் குழப்பியது.

வகுப்பறையில் வைத்துக் கேட்பதும் இதே வகைதான். அங்கே எந்தக் கேள்வியும் பரீட்சை. பின் வரிசையிலிருந்து ஒருவன் விடை சொல்லிக்கொடுப்பான். 2005 முதல் நடக்கும் அசர் கல்விக் கணக்கெடுப்பு பிள்ளைகளின் வாசிப்பைப் பள்ளியில் இல்லாமல் வீட்டில் போய்ப் பார்க்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வரவேண்டும் என்பது அதற்குக் காரணம். நமக்குக் கூடுதல் லாபம், வீட்டில் கொஞ்சமாவது வாய் திறப்பார்கள்.

இருபது வயதையும் எழுபது வயதையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு, 'வயதானால் இப்படி ஆகும்' என்று எழுதுவது

எழுபத்தைந்து வயதுப் பாட்டி கடிதம் எழுதுவதில்லை, கைபேசியில் செய்தி அனுப்புவதில்லை. அது முதுமையா? அவர் பிறந்த காலத்தில், 1951 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். பேத்தி வளர்ந்த தமிழ்நாட்டில் 2011-இல் சுமார் 80. நீங்கள் அளந்தது வயதை இல்லை, பள்ளிக்கூடத்தை. அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதைத்தான் காட்டியது. வெவ்வேறு வயதினரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டால் அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதாகத் தெரிந்தது. அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது அந்தச் சரிவு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

இரண்டு வருட முதுகலையில் யாரையும் இருபது வருடம் பின்தொடர முடியாது, தெரியும். 'ஆகும்' என்று எழுதாமல் 'இருக்கிறது' என்று எழுதுங்கள். அதற்குச் செலவில்லை.

பிள்ளையின் சம்மதம்

அப்பா கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி ஏழு வயதிலிருந்து பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டால் அது 'வேண்டாம்' என்று அர்த்தம்.

ஒலிப்பதிவு

இரண்டு கருவி. மின்விசிறியிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

காலை பதினொரு மணி

அந்த நேரத்துக்கு ஊருக்குள் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர், நடவுக்குப் போனவர், பள்ளிக்குப் போனவர் யாரும் இருக்க மாட்டார்கள். நடக்க முடியாதவரும் உடம்புக்கு முடியாதவரும்தான் திண்ணையில் இருப்பார்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு, ஊரில் முதியோரின் மனநலம் மோசம் என்று எழுதுவீர்கள். அந்த இரண்டு மாணவிகளும் அன்று பதினொன்றேகாலுக்குத்தான் போய் இறங்கினார்கள். மாலை ஐந்துக்கு மேல் போங்கள். சீரியல் ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.