மின்னல் விழுந்த ரயிலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை டியூஷனுக்கு வருகிறவர்கள் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள். போன வாரம் சார்பியல் கணக்கில் மூன்று நோட்டில் ஒரே தவறு. மாணவனாக இருந்தபோது நானே செய்தது. அலகு மாற்ற மறப்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். இது ஆகாது.

“உண்மையில் ஒரே நேரம்தான்”

ஐன்ஸ்டைனின் ரயிலை எடுத்துக்கொள்வோம். பட்டர்வர்த் போகும் இடிஎஸ் மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர்தான் போகும். நாம் ஒளிவேகத்தில் 0.6 பங்குக்கு ஓட்டுவோம். ரயிலின் இரு முனையிலும் மின்னல் விழுகிறது. மின்னல் விழுந்த இரண்டு இடத்துக்கும் சரிபாதியில் நடைமேடையில் நிற்பவருக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ரயிலின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ முன்பக்கத்து வெளிச்சம்தான் முதலில்.

ஏன்? மாணவர்கள் சொல்வது: “அவங்க அதை நோக்கிப் போறாங்க சார், அதான் சீக்கிரம் பார்த்துட்டாங்க. உண்மையில ரெண்டும் ஒரே நேரத்துலதான் விழுந்துச்சு.”

முதல் வாக்கியம் நடைமேடைக்காரரின் கணக்கில் சரி. அந்த ‘உண்மையில’தான் எனக்கு இன்றும் எரிச்சல். வாய்மொழித் தேர்வில் நானும் அதையே சொன்னேன். “வெளிச்சம் வந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தாயா?” என்றார் தேர்வாளர். பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு செமஸ்டர் போயிற்று.

சரி, கழிப்போம். அந்தப் பெண்ணின் அளவில் ரயில் 400 மீட்டர். முனைகளில் மின்னல் விட்ட கரிந்த தடம் இரண்டும் அவரிடமிருந்து 200 மீட்டர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒளி அவருக்கும் நொடிக்கு 299,792,458 மீட்டர்தான். ஆக, இரு பக்கமும் பயண நேரம் ஒன்றே: சுமார் 0.67 மைக்ரோநொடி. வெளிச்சங்கள் 0.8 மைக்ரோநொடி இடைவெளியில் வருகின்றன. இரண்டிலும் ஒரே அளவைக் கழித்தால் அந்த 0.8 அப்படியே நிற்கும். அவர் கடிகாரப்படி முன்பக்க மின்னல் முந்தித் தெரியவில்லை, முந்தி விழுந்தது.

இதைத் தாண்டாதவர்களுக்கு நீளச் சுருக்கம் (ஓடும் பொருள் நீளம் குறைந்து அளக்கப்படுவது) கடைசிவரை மாயவித்தைதான். ஓடும் ரயிலை அளப்பது என்றால் இரு முனையையும் ஒரே நேரத்தில் குறிப்பது. யாருடைய ஒரே நேரம்? நடைமேடையின் ஒரே நேரத்தில் குறித்தால் 400 மீட்டர் ரயில் 320 தான்.

வேகத்தைக் கூட்டுவது

ஒளியோடு ரயில் வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆனால் எதிரே வரும் ஒளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம், நடைமேடைக் கணக்கில், ஒளிவேகத்தைப்போல் 1.6 மடங்கு வேகத்தில் குறைகிறது என்று எழுதினால் தவறில்லை. அது எந்தப் பொருளின் வேகமும் அல்ல. அப்படி எழுதிய ஒரு பையனின் விடையை நானே தவறென்று சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒளியின்மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பது

வேண்டாம். அங்கே குறிப்பாயமே, அதாவது நின்று தூரமும் நேரமும் அளக்கும் நிலையே, கிடையாது.