ஃப்ரன்டோசாவுக்குத் தொட்டி அமைப்பது

கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் அதிகபட்ச ஆழம் 1,470 மீட்டர். மீன் வாழப் போதுமான ஆக்சிஜன் இருப்பதோ மேலே உள்ள 100 முதல் 200 மீட்டருக்குள்தான். அந்த அடுக்கின் மங்கல் ஒளியில், பாறைச் சரிவுகளை ஒட்டிக் கூட்டமாகத் திரிகிற மீன் ஃப்ரன்டோசா. அங்கே தண்ணீரின் வெப்பமும் காரத்தன்மையும் ஆண்டு முழுக்க அவ்வளவாக மாறுவதில்லை. தொட்டியிலும் அதே நிதானம்தான் வேண்டும்.

ஒரு ஆண், நாலைந்து பெண் மீன்களுக்கு 180×60×60 செ.மீ. தொட்டி வேண்டும். குஞ்சு மெதுவாக வளர்வதைப் பார்த்துச் சின்னத் தொட்டி வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. ஆண் 30 செ.மீ. வரை வளரும். பாறைகளை முதலில் அடிக்கண்ணாடி மேல் நிறுத்தி, பிறகு மணலைப் பரப்புங்கள். மணல் மேல் பாறை வைத்தால், மீன் குழி தோண்டும்போது சரியும். விளக்கு மங்கலாக இருக்கட்டும்.

குளோரின் நீக்கிய மென்நீர் (கரைந்த உப்புகள் குறைந்த தண்ணீர்) 20 லிட்டருக்குச் சமையல் சோடா 10 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 10 கிராம் கலந்தால் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) சுமார் 16 டிகிரி, ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) சுமார் 11 டிகிரி கூடும். பிஎச் (அமில-கார அளவு) 8.5-க்கும் 9-க்கும் இடையில் நிற்கும். உங்கள் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது என்றால் அளந்து பார்த்து, குறைவதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி வாளியில் கரைத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். ஒரேயடியாகப் பாதியை மாற்றுவது வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில். பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதம்கூட இருக்காது, 8.5-ல் சுமார் 15 சதவீதம். வேறு மீன்கள் தாங்கிக்கொள்கிற அளவே இங்கே செவுளை எரித்துவிடும். அதனால் ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வேரூன்றி, அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை மீனை விடாதீர்கள். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம்.

மூழ்கும் தீனி மட்டும் போடுங்கள். மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கினால் தலைகீழாக மிதக்கும். மாட்டிறைச்சி கூடாது, வயிறு உப்பும். சிறு மீன்களை இதோடு சேர்த்து விடாதீர்கள்: ஏரியில் சிப்ரிக்ரோமிஸ் என்ற சிறு மீன் கூட்டம் விழித்துச் சுறுசுறுப்பாகும் முன், விடியலிலேயே பிடித்துத் தின்கிற பழக்கம் இதற்கு உண்டு. தொட்டியில் காலையில் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான்.

தாடை புடைத்த பெண் தீனி எடுக்காவிட்டால், வாயில் முட்டை இருக்கிறது. வலை போட்டு விரட்டினால் துப்பிவிடும். குஞ்சு வெளிவர ஒரு மாதத்துக்கு மேலாகலாம்.